நாலு போல்ட்

லாக்கர் வந்து இறங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. பதினெட்டுக் கிலோ என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. அவள் அதைத் தானே சுமந்து மாடி ஏற்றினாள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள், ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி உரமேறிய தோள். ஆனால் கடைசிப் படியில் மூச்சு வாங்க நின்றபோது அவளுக்கு ஒன்று உறைத்தது. தன்னாலேயே தூக்க முடிகிறது என்றால் இதை யாராலும் தூக்க முடியும்.

யாராலும் என்றுதான் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஹாலில் சோபாவில் தம்பி படுத்திருந்தான். கதவு திறந்த சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்து, பெட்டியைப் பார்த்தான். என்ன அது என்று கேட்கவில்லை.

அப்பாவின் நோய் எலும்பு வரை போய்விட்டது என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதமாகியிருந்தது. இனி வைத்தியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் என்றார்கள். வாரம் இரண்டு முறை நர்ஸம்மா வீட்டுக்கு வந்து பார்த்தார். போன முறை வந்தபோது, அடுத்து ஆரம்பிக்கப்போகும் மாத்திரை பழையதைப் போல அல்ல, வீரியமானது, அலமாரியில் வைத்துப் பூட்டினால் போதாது, லாக்கர் வேண்டும் என்றார். சின்ன லாக்கரை அப்படியே பெயர்த்துக்கொண்டு போய்விடுவார்கள், தரையோடு சேர்த்து போல்ட் போட வேண்டும், போட்டதை என் கண்ணால் பார்த்த பிறகுதான் மாத்திரையை வைத்துவிட்டுப் போவேன் என்றும் சொன்னார். சொல்லும்போது அவர் ஹால் பக்கம் பார்க்கவே இல்லை. பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாடுதான் அவளுக்குத் தெரிந்தது.

தம்பி லிஃப்ட் பொருத்தும் வேலை பார்த்தவன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு கட்டடத்தில், லிஃப்ட் வருவதற்கான குழிக்குள் இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுந்து முதுகு போயிற்று. ஆஸ்பத்திரியில் வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். முதுகு தேறியது, மாத்திரை விடவில்லை. அதன் பிறகு நடந்ததையெல்லாம் அவள் யாரிடமும் கோர்வையாகச் சொன்னதில்லை. கடைசியாக நடந்தது மட்டும் தெருவுக்கே தெரியும். அப்பாவின் கட்டிலுக்கடியில் இருந்த இரும்புப் பெட்டியை, அம்மாவின் வளையல்களோடும் அம்மாவின் படங்களோடும், பட்டப்பகலில் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டான். வளையல் போனதுகூட அப்பாவுக்குப் பெரிதில்லை. படங்களை எங்கே கொட்டினான் என்று அவனுக்கே ஞாபகம் இல்லை என்றதும் அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தியவர்தான். பிறகு அவன் ஒன்பது மாதம் மறுவாழ்வு இல்லத்தில் இருந்தான். வெளியே வந்து ஐந்து வாரமாகிறது. போக இடமில்லை என்றதால் அவள்தான் சேர்த்துக்கொண்டாள். மூணு மாசம், அதுக்கு மேல பார்க்கலாம் என்று சொல்லியிருந்தாள்.

அப்பா அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர். உடம்பு படுத்துவிட்டாலும் கண் படுக்கவில்லை. லாக்கரோடு வந்த வழிகாட்டித் தாளைக் கேட்டு வாங்கி, தலையணைக்கடியில் இருந்த பென்சிலை எடுத்து, ஒவ்வொரு வரியாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எந்த நாட்டிலோ அடித்து, ஏழெட்டு மொழியில் பெயர்த்துப் போட்ட தாள் அது.

"‘லாக்கரைத் தரையில் பாதுகாப்பாக நங்கூரமிடவும்’னு போட்டிருக்கான். கப்பல் எப்போ கிளம்புதாம்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஹாலிலிருந்தும் ஒரு சிரிப்பு கேட்டு, பாதியில் நின்றது. அப்பா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் அவளுக்கு வார விடுமுறை. தச்சரைக் கூப்பிட்டுப் பார்த்தாள், அடுத்த வாரம்தான் வர முடியும் என்றார். நர்ஸம்மா வருவது நாளை. கீழ்வீட்டுத் தையல்காரம்மா திரைச்சீலைக் கம்பி மாட்டுவதற்கென்று ஒரு டிரில் மெஷின் வைத்திருந்தார். அதை இரவல் வாங்கி வந்து, தன் அறை அலமாரியின் அடித்தட்டைக் காலி செய்து, பலகையைக் கழற்றி, லாக்கரை மூலையில் ஒட்டி வைத்து, அதன் அடியில் இருந்த இரண்டு துளைகள் வழியே பென்சிலை விட்டுத் தரையில் குறித்துக்கொண்டாள். பிறகு லாக்கரை நகர்த்திவிட்டு மண்டியிட்டு மெஷினை வைத்து அழுத்தினாள்.

மெஷின் அலறியது. துளையிடும் பிட் டைல்ஸின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடி ஒரு வெள்ளைக் கோடு இழுத்தது. திரும்பவும் வைத்தாள், திரும்பவும் ஓடியது. பத்து நிமிடத்துக்குப் பிறகு அங்கே சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. கருகிய வாடை வந்தது.

"அது ஹேமர் இல்லக்கா."

தம்பி வாசலில் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. அறைக்குள் கால் வைக்காமல் நிலைப்படியோடு நின்றிருந்தான்.

"மரத்துல போடுற மெஷின் அது. விடிய விடியப் போட்டாலும் டைல்ஸ்தான் சூடாகும்."

அவள் திரும்பாமலே, தச்சர் வரமாட்டேன் என்றதையும் நர்ஸம்மா நாளைக்கு வருவதையும் சொன்னாள். அவன் உள்ளே வந்து குந்தி, லாக்கரோடு கொடுத்திருந்த சின்னப் பையைப் பிரித்து அதிலிருந்த இரண்டு போல்ட்டுகளையும் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தான்.

"இது சுவத்துல படம் மாட்டத்தான் ஆகும். தரையில ரெண்டு, பின்னாடி சுவத்துல ரெண்டு. நாலு போடணும். ரெண்டோட விட்டா, கடப்பாரையை அடியில குடுத்து ஆட்டி ஆட்டியே எடுத்துடலாம்."

தொழில்காரன் சொல்வதைப்போல் சாதாரணமாகத்தான் சொன்னான்.  யார் எடுக்கப்போகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. போல்ட்டுகளைப் பைக்குள் போட்டுவிட்டு அவன், "நான் போட்டுத் தரவா?" என்றான்.

இவனிடமா என்று நினைத்தாள். உள்ளே என்ன இருக்கப்போகிறது என்று அவனுக்குத் தெரியும். எதற்காக இந்த ஏற்பாடெல்லாம் என்பதும் தெரியும். வேண்டாம் என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்பதும் தெரியும். "சரி" என்று அவள் வாய் சொல்லிவிட்டது.

அதன் பிறகு அந்த அறையில் அவன் வேறு ஆளாக இருந்தான். குளியலறைக்குப் போகும் தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று கேட்டான். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டி, அடியில் பொள்ளலாக இருக்கிறதா என்று காது கொடுத்தான். குறித்த இடத்தில் ஒட்டும் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, பிட் வழுக்காமல் பார்த்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, அந்த இரவல் மெஷினை வைத்தே டைல்ஸை மட்டும் பொறுமையாகத் துளைத்தான். அதற்கடியில் கான்கிரீட். அதற்கு ஹேமர் மெஷின் வாடகைக்கு எடுக்க வேண்டும், நல்ல போல்ட்டும் வாங்க வேண்டும் என்றான்.

அவள் பர்ஸை எடுத்துப் பணம் கொடுத்தாள். கடை கால்மணி நேர நடை. அவன் கிளம்பும்போது மணி பத்தரை.

பதினோரு மணிக்கு அவள் சீருடைகளை இஸ்திரி போட ஆரம்பித்தாள். பதினொன்றரைக்கு ஜன்னலுக்குப் போனாள். பன்னிரண்டுக்கு அவன் செல்போனுக்கு அடித்தாள், அது ஹாலில் சோபாவின் இடுக்கில் கிடந்து மணி அடித்தது. மறந்துவிட்டுப் போனானா, இல்லை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனானா? பணத்தை அவன் கையில் கொடுத்தனுப்பிய தன்னை என்ன சொல்வது? செருப்பை மாட்டிக்கொண்டாள். அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு எங்கே போய்த் தேடுவது? கழற்றினாள். மறுபடி ஜன்னலுக்கு வந்தாள். தெருவில் தோள் சாய்த்து நடந்து வரும் ஒவ்வொருவனும் தம்பியாகத் தெரிந்து, கிட்டே வந்ததும் வேறு யாரோவானான்.

"நீ நடக்கிற நடைக்கு இந்நேரம் பக்கத்து ஊருக்கே போயிருக்கலாம்" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு நடை? போனவன் எப்போ போனான்?"

பத்தரைக்கு என்றாள். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். போர்வை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

ஒன்றே முக்காலுக்குப் படியில் கனமான காலடி கேட்டது. தம்பி மெஷின் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, சட்டை முழுக்க நனைந்து, ஏறி வந்தான். அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். கேட்க நினைத்தது நிறைய. இவ்வளவு நேரமா என்று மட்டும் வந்தது.

"கடைக்குப் போற வழியில அந்தத் தெரு இருக்கு. ஆத்தங்கரை வழியா சுத்திப் போயிட்டு சுத்தி வந்தேன்."

"பஸ்ல வந்திருக்கலாமே."

"பஸ்ஸும் அந்தத் தெரு வழியாத்தான் போகுது. நீதானே ஓட்டுற, உனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஆறு முறை அந்தத் தெருவைக் கடக்கிறவள். அங்கே மருந்துக்கடைக்குப் பக்கத்துச் சந்தில் யார் நிற்பார்கள், என்ன விற்பார்கள் என்பதும் தெரியும். கடையில் கொடுத்த சீட்டையும் மீதியையும் அவன் மேஜைமேல் வைத்துவிட்டு நேரே அறைக்குள் போனான். அவள் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர் சத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றாள்.

தம்பி பிட்டின் முனையிலிருந்து அளந்து அதில் ஒரு டேப்பைச் சுற்றினான். அந்த அளவுக்கு மேல் போனால் தையல்காரம்மாவின் தலையில் கொட்டும் என்றான். அளவு தாண்டாமலே கொட்டிவிட்டது. முதல் துளை முடிவதற்குள் தையல்காரம்மா, முடியெல்லாம் சுண்ணாம்புப் பொடியோடு, மேலே ஏறி வந்தார்.

"தலைக்கு மேல கிணறு வெட்டுறீங்களோன்னு பார்க்க வந்தேன்" என்றவர், விஷயம் தெரிந்ததும் போகாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

இரண்டாவது துளையில் மெஷின் சட்டென்று வேறு குரலில் கிறீச்சிட்டது. உள்ளே கம்பி. தம்பி உடனே நிறுத்தினான். சிலர் கம்பியையும் அறுத்துக்கொண்டு போவார்கள், அது கூடாது என்று சொல்லி, லாக்கரை இரண்டு விரல் தள்ளி வைத்து, குறித்ததையெல்லாம் அழித்து, முதலிலிருந்து ஆரம்பித்தான். வீணான துளைகளைச் சிமெண்ட் வைத்து அடைத்தான். புதிய துளைகளில் ஒரு குழாயை விட்டு ஊதி ஊதித் தூசியை வெளியேற்றினான். தூசி தங்கினால் போல்ட் பிடிக்காதாம், சுற்றச் சுற்ற சுற்றிக்கொண்டே இருக்குமாம். அப்பா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, அவனிடம் இன்னும் எத்தனை துளை என்று கேட்கச் சொல்லி அவளை அனுப்பினார். இன்னும் இரண்டு என்று அவளே போய்ச் சொன்னாள். எட்டடி தூரத்தில் இருந்த இரண்டு பேருக்கு நடுவில் அவள் தபால்காரியாக நடந்தாள்.

சாயங்காலம் நாலு போல்ட்டும் இறங்கின. வாஷர் வைத்து, ஸ்பேனரால் ஒன்றை மாற்றி ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினான். பிறகு கடையிலிருந்து மெஷினோடு எடுத்து வந்திருந்த கடப்பாரையை லாக்கருக்கும் தரைக்கும் நடுவில் செருகி, ஒரு காலைச் சுவரில் ஊன்றி இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. இன்னொரு முறை. பக்கவாட்டில் ஒரு முறை.

"போதும்ப்பா, வீடே கையோட வந்துடப்போகுது" என்று தையல்காரம்மா சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சோதனைக்காக இழுப்பவனின் முகமாக அது இல்லை. வந்துவிட வேண்டும் என்று நினைத்து இழுப்பவனின் முகமாக இருந்தது. கடைசியில் கடப்பாரையைப் போட்டுவிட்டு, முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கினான்.

"வராது" என்றான். "இனி நானே வந்தாலும் வராது."

நம்பர் போடும் வேலை மிச்சம் இருந்தது. எழுந்து வெளியே போகப் புறப்பட்டவன், வாசலில் நின்று சொன்னான். "அம்மா பொறந்த வருஷம் போடாத. என்னோடதும் போடாத. எனக்குத் தெரிஞ்ச எதையும் போடாத." அவன் படியிறங்கித் தெருவுக்கே போய்விட்டது ஜன்னல் வழியாகத் தெரிந்த பிறகுதான் அவள் பொத்தானை அமுக்கினாள். அர்த்தமில்லாத ஆறு எண்கள். அதைத் தையல்காரம்மாவுக்கு மட்டும் சொன்னாள். அவள் வண்டியில் இருக்கும் நேரத்தில் அப்பாவுக்கு வலி எகிறினால் அவர் மேலே வந்து ஒரு மாத்திரை எடுத்துக் கொடுப்பது என்று ஏற்பாடு.

மறுநாள் நர்ஸம்மா லாக்கரை இரண்டு கையாலும் உலுக்கிப் பார்த்தார். யார் போட்டது என்று கேட்டார். தம்பி என்று அவள் சொன்னாள். நர்ஸம்மா அவளை ஒரு கணம் பார்த்தார், பிறகு மாத்திரை அட்டைகளை எண்ணி உள்ளே வைத்து, ஒவ்வொன்று எடுக்கும்போதும் நேரத்தையும் மீதியையும் எழுத ஒரு நோட்டையும் வைத்தார்.

நாலு போல்ட் போட்டும் அவள் மனசு மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் லாக்கரைத் திறந்து எண்ணுவாள். பொத்தான் ஒவ்வொன்றும் பீப் என்று கத்தும். ஹாலில் தம்பி டிவி சத்தத்தைக் கூட்டுவான். ஒருநாள் அவன் குளிக்கப்போன நேரம் அவன் பையைத் துழாவினாள். இரண்டு சட்டை, இல்லத்தில் கொடுத்த ஒரு கையேடு, ஒரு சீப்பு. நிமிர்ந்தால் ஈரத்தலையோடு அவன் நின்றிருந்தான். துண்டை மறந்துவிட்டுப் போயிருக்கிறான்.  துண்டை எடுத்துக்கொண்டு போனான். அதற்கடுத்த நாளிலிருந்து அந்தப் பை ஜிப் திறந்தபடி சோபாவின்மேல் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது அவளுக்கு.

நாலாவது வாரம் ஒரு மத்தியானம், பெரிய பாலத்தின் நடுவில் அவள் வண்டி மாட்டிக்கொண்டது. முன்னால் எங்கோ லாரி கவிழ்ந்துவிட்டது என்றார்கள். வண்டிக்குள் நாற்பது பேர். வெயில் கண்ணாடியில் விழுந்து தெறித்தது. ஓட்டும்போது செல்போனைத் தொடக்கூடாது என்பது டிப்போ விதி, அது இருக்கைக்குப் பின்னால் பைக்குள் அதிர்ந்துகொண்டே இருந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. நாலாவது முறை அவள் என்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பையைத் திறந்தாள். நாலு அழைப்புகள் தவறியிருந்தன. எல்லாம் தம்பியின் செல்போனிலிருந்து. திருப்பிக் கூப்பிட்டாள்.

"அக்கா, அப்பாவுக்கு வலி வந்துடுச்சு. ஒரு மணி நேரமாச்சு. கீழ்வீட்டக்கா அவங்க அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க, போனை எடுக்கல. நர்ஸம்மா வர ரெண்டு மணி நேரமாகுமாம். நீ எப்போ வருவ?"

பாலத்தில் நிற்பதாகச் சொன்னாள். எப்போது நகரும் என்று தெரியவில்லை என்றாள்.  போனில் அப்பாவின் குரல் கேட்டது. வார்த்தை இல்லை, ஒரு மாதிரி முனகல், விட்டு விட்டு. எப்போதும் எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கிற மனிதர்.

அவன் நம்பரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். சந்தேகப்பட்டிருக்கலாம்.

"லாக்கரைப் பேத்து எடுத்துடலாமான்னு பார்த்தேன்" என்றான்.  "அலமாரிச் சட்டத்தைக் கழட்டி நெம்பிப் பார்த்தேன். முடியல. நான்தானே போட்டேன்."

அப்பாவுக்காகத்தான் நெம்பினானா? ஒரு மணி நேரம் அந்த லாக்கரோடு தனியாக இருந்திருக்கிறான். ஸ்டியரிங்கை அவள் கை இறுக்கிப் பிடித்திருந்தது. பின்னால் ஒரு பெண் இன்னும் எவ்வளவு நேரமாகும் டிரைவரம்மா என்று கேட்டார். முனகல் மறுபடி கேட்டது.

அவள் ஆறு எண்களையும் சொன்னாள்.

"போனை வைக்காத" என்றான் தம்பி. "நீ கேட்டுக்கிட்டே இரு. நான் சொல்லிக்கிட்டே செய்றேன்."

இன்னொரு காதை அடைத்துக்கொண்டு கேட்டாள். காலடி. ஆறு பீப். கதவு திறக்கும் சின்ன கீச். "அட்டையை எடுக்கறேன்" என்றான். "நோட்டுல பதினெட்டு இருக்குன்னு போட்டிருக்க. எண்ணுறேன். ஒண்ணு, ரெண்டு…" பள்ளிக்கூடப் பையன் எண்ணுவதைப்போல நிறுத்தி நிறுத்தி எண்ணினான். "பதினெட்டு. சரியா இருக்கு. ஒண்ணே ஒண்ணு எடுக்கறேன். மீதி பதினேழு. அட்டையை உள்ள வைக்கறேன். முதல்ல அப்பாவுக்குக் குடுத்துட்டு வந்து பூட்டறேன், கை ரெண்டும்…"

பின்னாலிருந்து ஹாரன் கிழித்தது. முன்னால் இருந்த வண்டி நகர்ந்துவிட்டிருந்தது, ஒரு போலீஸ்காரர் ஓடி வந்து பானெட்டில் தட்டினார். அவள் "தம்பி, வண்டி எடுக்கணும்" என்றாள். அவன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. போனைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள்.

லாக்கரை மூடும் சத்தத்தை அவள் கேட்கவில்லை.

பாலத்திலிருந்து டிப்போவுக்கு நாற்பது நிமிடம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். ஒரு பெரியவர் நிறுத்தம் தாண்டிப் போய்விட்டதென்று சண்டைக்கு வந்தார், அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். கண் சாலையில் இருந்தது. மனசு அந்தத் திறந்த கதவில் நின்றது. அட்டையில் பதினேழு. அவனுக்கு எதிரே பதினேழு. டிப்போவில் சாவியைக் கொடுத்துவிட்டு, மேற்பார்வையாளரிடம் அரை வார்த்தையில் சொல்லிவிட்டு, சீருடையோடு ஓடினாள்.

வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், முகம் தளர்ந்து, வாய் லேசாகத் திறந்து. ஹாலில் தம்பி இல்லை. குளியலறையில் இல்லை. அவள் தன் அறைக்குள் போனாள். அலமாரிச் சட்டம் ஒன்று தரையில் கிடந்தது. லாக்கர் மூடியிருந்தது. அவசரத்தில் ஒரு எண்ணைத் தப்பாக அமுக்கி, அது நீளமாகக் கத்தி, மறுபடி முதலிலிருந்து அமுக்கினாள். அட்டையை எடுத்து எண்ணினாள். பதினேழு. நோட்டில் நேரமும் மீதியும் அவன் கையெழுத்தில் இருந்தன. இன்னொரு முறை எண்ணிவிட்டுக் கீழே இறங்கினாள்.

வரும்போது கவனிக்காமல் ஓடி வந்த படிக்கட்டின் அடியில், சைக்கிள் நிறுத்தும் இடத்தில் தம்பி சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அழுத்தியிருந்தான்.

"எண்ணிட்டியா?" என்றான்.

இல்லை என்று சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "எண்ணிட்டேன்" என்றாள்.

"எவ்வளவு இருக்கு?"

"பதினேழு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "எடுக்கலன்னு தெரியும். ஆனாலும் எனக்கே நிச்சயமா இல்ல. அதான் வெளிய வந்து உக்காந்துட்டேன். மாடிக்குப் போய் நம்பரை மாத்துக்கா. இப்பவே."

"இனிமே எதுக்குடா. நீதான்…"

"பெரிய மனசெல்லாம் வேணாம். எனக்கு அந்த ஆறும் மனப்பாடமாயிடுச்சு. மறக்க முடியல. மாத்திட்டு வந்து சொல்லு, அப்புறம் மேல வர்றேன்."

அவள் ஏறிப் போய் மாற்றினாள். இறங்கி வந்து, மாத்தியாச்சு என்றாள். அவன் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவளுக்குப் பின்னாலேயே படியேறினான்.

அன்றைக்கு அப்பா விழித்ததும் தண்ணீர் கேட்டார். அவள் எழுந்தாள். "நீ இல்ல, உக்காரு. அவன் கொண்டு வரட்டும்" என்றார். தம்பி டம்ளரைக் கொண்டு வந்து, அவர் தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்க வைத்தான்.  அடுத்த நாள் அப்பா அவனிடம் நேரடியாகச் செய்தித்தாள் கேட்டார், அதற்கு அடுத்த நாள் அதில் இருந்த பிழைகளை அவனிடமே காட்டினார். மேலும் மூன்று முறை அவசரத்துக்கு அவனிடம் நம்பரைச் சொல்ல வேண்டி வந்தது. மூன்று முறையும் அவன் மாற்றச் சொன்னான். அவள் மறுபேச்சுப் பேசாமல் மாற்றினாள். எண்ணுவதை அவள் நிறுத்தவில்லை. ஒளித்து எண்ணுவதை மட்டும் நிறுத்தினாள். ஹாலில் அவனுக்கு எதிரிலேயே எண்ணி, அவனையே நோட்டில் எழுதச் சொன்னாள்.

அப்பா அதன் பிறகு ஆறு வாரம் இருந்தார். ஒருநாள் காலை, அவள் முதல் நடையில், பெரிய பாலத்தைத் தாண்டி, ஆற்றங்கரை வளைவைத் தாண்டி, வழக்கமான நேரத்துக்கு வண்டியை டிப்போவுக்குள் கொண்டுவந்து நிறுத்தினாள். அன்று பைக்குள் செல்போன் ஒருமுறைகூட அதிரவில்லை. மேற்பார்வையாளர் அறையிலிருந்து எழுந்து வெளியே வந்து, வண்டிக்குப் பக்கத்திலேயே காத்திருந்தார். அவள் என்ஜினை அணைக்கும் வரை, கடைசிப் பயணி இறங்கும் வரை அவர் பேசவில்லை. பிறகு சாவியைக் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"உங்க தம்பி ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி போன் பண்ணினார்மா. அக்கா வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பாங்க, வண்டி நின்ன பிறகு சொல்லுங்கன்னார்."

அவள் படியில் அப்படியே உட்கார்ந்தாள். அவர் அவளுக்காக ஆட்டோ ஒன்றை ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். அதுவும் தம்பி சொன்னதுதானாம்.